குரூப் 4-க்குப் படிப்பவர்கள் கோட்டை விடும் இடம்

டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வு 2019 செப்டம்பர் 1 அன்று நடந்தது. அடுத்த தேர்வு 2022 ஜூலை 24-இல்தான். நடுவில் கொரோனா வந்தது, கிட்டத்தட்ட மூன்று வருடம் ஓடிவிட்டது. அந்த 2022 தேர்வின் முடிவு வர 2023 மார்ச் ஆனது. அதற்கடுத்த தேர்வு 2024 ஜூன் 9, பிறகு 2025 ஜூலை 12. அறிவிக்கை வந்த பிறகு எல்லாரும்தான் படிக்கிறார்கள். போட்டியிலிருந்து பாதிப்பேர் உதிர்வது இந்த இடைவெளிகளில் என்பது என் கணிப்பு.

அதனால் முதல் தவறு, "நோட்டிபிகேஷன் வரட்டும், ஆரம்பிக்கலாம்" என்று காத்திருப்பது. ஆறாம் வகுப்பிலிருந்து சமச்சீர் தமிழ்ப் புத்தகங்களை ஒருமுறை வாசித்து முடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். வாசித்தது மனதில் நிற்க இரண்டாவது, மூன்றாவது சுற்று வேண்டும். அறிவிக்கைக்கும் தேர்வுக்கும் இடையிலுள்ள சில மாதங்களில் இதெல்லாம் நடக்காது. தேர்வு இல்லாத காலத்தில் பத்து மணி நேரம் படிக்கவும் வேண்டாம், ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் அது விடாமல் ஓட வேண்டும்.

விட்டுவிட்டுத் திரும்ப வருபவர்கள் செய்யும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அவர்களுடைய வரலாற்றுப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். சிந்துவெளிப் பக்கங்களில் மூன்று நிற மை, ஓரமெல்லாம் குறிப்பு, தாளே மெத்தென்று ஆகியிருக்கும். பின்பாதி கடையில் வாங்கியபடியே மடிப்புக் கலையாமல் இருக்கும். ஒவ்வொரு முறையும் 'புதுசா ஆரம்பிப்போம்' என்று முதல் பாடத்துக்கே போய்விடுவதால் வரும் வினை இது. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தை ஐந்து முறை படித்தவருக்குத் தேசிய இயக்கம் புதிதாகவே இருக்கும். நாற்பது நாள் விட்டுப்போனாலும் சரி, நிறுத்திய பக்கத்திலிருந்தே தொடருங்கள். மறந்ததை ரிவிஷனில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, பிடித்ததை மட்டும் படிப்பது. தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் திறனறிவுக் கணக்குகள் 25, அதாவது 37.5 மதிப்பெண். 'எனக்குக் கணக்கு வராது' என்று அதைத் தூக்கி ஓரமாக வைப்பவர்கள் ஏராளம். கேட்பதோ விழுக்காடு, தனிவட்டி, விகிதம், வேலையும் நாளும். ஒருவர் 12 நாளில் முடிக்கும் வேலையை இன்னொருவர் 6 நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? ஒருநாள் வேலை 1/12 + 1/6, அதாவது கால் பங்கு. ஆக 4 நாள். பத்தாம் வகுப்பு தாண்டியவருக்கு இது வராமல் இல்லை, பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். தினமும் ஐந்து கணக்கு போட்டால் ஒரு வருடத்தில் 1,800-ஐத் தாண்டிவிடும்.

டெலிகிராம் குரூப்பில் வரும் பிடிஎஃப்களைச் சேர்த்து வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போன் நிரம்பும், அவ்வளவே. பாடப்புத்தகம், முந்தைய ஆண்டு வினாத்தாள்கள், ஒரு டெஸ்ட் பேட்ச் (மாதிரித் தேர்வுகள் வைக்கும் பயிற்சி) போதும். பணம் கட்ட முடியாதவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் உள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தை விசாரிக்கலாம், அங்கே பயிற்சி இலவசம். (அப்புறம், விண்ணப்பிக்கத் தேவையான டிஎன்பிஎஸ்சியின் ஒருமுறைப் பதிவு ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். அது காலாவதியாகிவிட்டதை விண்ணப்பிக்கும் கடைசி நாளில் கண்டுபிடித்துப் பதறுபவர்களும் உண்டு.)

தேர்வு எழுதிய கையோடு படிப்பை நிறுத்துவது இன்னொரு பெரிய ஓட்டை. விடைக்குறிப்பு வரும், கட்-ஆஃப் இவ்வளவு இருக்கும் என்று யூடியூபில் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டே மாதங்கள் போகும். முடிவு சாதகமாக வராவிட்டால் அந்த மாதங்களும் போச்சு. எழுதி ஒரு வாரம் ஓய்வெடுங்கள், பிறகு அதே ஒன்றரை மணி நேரத்துக்குத் திரும்புங்கள்.

கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படிப்பது இலட்சியத்தின் மேல் உள்ள உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் காசு கேட்க வேண்டிய நிலை வந்தால் ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் விசாரணை நேரமாகிவிடும். அந்த மனநிலையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் இரண்டு மணி நேரப் படிப்புகூட ஏறாது. வாரத்துக்கு மூன்று நாள் கணக்கு எழுதும் வேலையோ டியூஷனோ இருந்தால்கூட மூச்சுவிட இடம் கிடைக்கும்.

எதுவரைக்கும் என்று முடிவு செய்யாமல் இறங்குவதும் தவறுதான். பட்டம் முடித்த பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் பிரிவினருக்குப் பல பதவிகளில் உச்ச வயது வரம்பு தடையாக இருப்பதில்லை. எனவே 'போதும்' என்று ஆணையம் சொல்லப் போவதில்லை. இன்னும் இத்தனை தேர்வு, அல்லது இந்த வயது வரை என்று நீங்களே குறியுங்கள். அதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் "இன்னும் எத்தனை வருஷம்?" என்ற கேள்வி பாதியாகக் குறையும்.