நத்தாருக்கு மூண்டு புடிங், ஒரு பிரிட்ஜ்: எதை எப்ப செய்யிறது

நத்தார் சாப்பாட்டுக்குத் திட்டம் போடுவம் எண்டு கொப்பியைத் திறந்த உடனே கனபேர் மெனுவைத்தான் எழுதத் தொடங்குவினம், மஞ்சள் சோறு, கோழி, கட்லட், கத்தரிக்காய் மோஜு, பிறகு ஆளாளுக்கு ஒரு புடிங். கொப்பியை மூடிப்போட்டு முதல்ல பிரிட்ஜைத் திறந்து பாருங்கோ. கொழும்பில வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து பிளாட்டுகளில அடுப்பு ரெண்டு, பிரிட்ஜ் ஒண்டு, அதுக்குள்ளயும் அரைவாசி இடத்தை மீனும் நேற்றுக் கறியும் பிடிச்சுக்கொண்டிருக்கும். எத்தனை புடிங் செய்யலாம் எண்டதை அந்த மிச்ச இடம்தான் சொல்லும்.

எங்கட வீட்டில 25ஆம் திகதி மத்தியானம் 15 பேர் மட்டில சாப்பிடுவினம். அதுக்கு மூண்டு புடிங் தாராளம்: கரமல் புடிங், வட்டிலப்பம், பிஸ்கட் புடிங். நாலாவதா ஜெலி செய்யப்போறன் எண்டு யாராவது வெளிக்கிட்டா செய்யட்டும், ஆனா அவையின்ர வீட்டு பிரிட்ஜில வைச்சுக் கொண்டுவரச் சொல்லுங்கோ.

சாமான் வாங்கிறது

டிசம்பர் நடுப்பகுதிக்கு முன்னமே புறக்கோட்டைக்குப் போய் வந்திடுங்கோ. சீனி, பிளம்ஸ், கஜு, ஏலக்காய் மாதிரிச் சாமானுக்கு நாலாம் குறுக்குத் தெருப் பக்கம் போனா சூப்பர் மார்க்கெட்டை விட மலிவு, ஞாயிற்றுக்கிழமை போகாதேங்கோ, கனக்கக் கடை பூட்டு. கஜு முழுசா வாங்கத் தேவையில்லை, உடைஞ்ச கஜு போதும், எப்பிடியும் வெட்டித்தான் போடப்போறம். பிரண்டி வாங்கிற ஆக்கள் டிசம்பரில வாற உந்துவப் போயா (பௌர்ணமி விடுமுறை) எப்ப எண்டு கலண்டரைப் பாருங்கோ, போயா அண்டைக்கு எங்கயும் சாராயக் கடை திறக்காது. முட்டையைக் கடைசிக் கிழமைக்கு விடவேண்டாம், மூண்டு புடிங்குக்கும் சேர்த்து 15 முட்டை வேணும், காலமைச் சாப்பாட்டுக்கும் தேவை எண்டா 30 முட்டைத் தட்டு ஒண்டா வாங்கிறதுதான் புத்தி. காஸ் சிலிண்டரை ஒருக்கா ஆட்டிப் பாருங்கோ. 24ஆம் திகதி பின்னேரம் அடுப்பு அணைஞ்சா அயல் வீட்டுக் கதவைத் தட்டுறதைத் தவிர வேற வழி இல்லை.

கித்துள் கருப்பட்டி வாங்கேக்க மட்டும் அவசரப்படாதேங்கோ. சீனி கலந்தது வெளிறின நிறத்தில கல்லு மாதிரி இருக்கும், நல்லது கறுப்பா, நகத்தால கிள்ளினா உதிரும், மணத்தில லேசான புகை இருக்கும். வட்டிலப்பத்தின்ர ருசி முக்கால்வாசி இதிலதான், காசை வேற எதிலயாவது மிச்சம் பிடியுங்கோ.

எந்த நாள் எது

ரிச் கேக் நவம்பரிலயே முடிஞ்சிருக்கவேணும். றவை, சௌசௌ, பூசணி தோசி (சீனிப்பாணியில காய்ச்சினது), இஞ்சி தோசி, பிரண்டியில ஊறின பிளம்ஸ் எல்லாம் போட்ட கேக் வைக்க வைக்கத்தான் ருசி, அதைப் பற்றி இங்க எழுதப்போனா முடியாது. ஒண்டு மட்டும்: அதுக்கு மஞ்சள் கருதான் கூடப் போகும், மிச்சம் வாற வெள்ளைக்கருவை எறியாதேங்கோ, மூடின பாத்திரத்தில பிரீசரில கிடக்கட்டும்.

23ஆம் திகதி காலமை பிஸ்கட் புடிங், பின்னேரம் வட்டிலப்பம். 24ஆம் திகதி காலமை கரமல் புடிங். அண்டைக்குப் பின்னேரம் அடுப்பு முழுக்க இறைச்சிக்கும் கட்லட்டுக்கும் போயிடும், பிறகு நள்ளிரவுப் பூசைக்கு வெளிக்கிடவேணும், அந்த நேரத்தில முட்டையும் கையுமா நிக்கேலாது. 25 காலமை இனிப்பு ஒண்டும் செய்யவே கூடாது. இடியப்பம், சொதி, கோழிக்கறி, பக்கத்தில கேக், அவ்வளவுதான்.

கரமல் புடிங், கவனமா வாசியுங்கோ

முதல்ல கரமல். அரைக் கோப்பை சீனி, ரெண்டு மேசைக்கரண்டி தண்ணி, மெல்லிய நெருப்பு. கறுப்பு நொன்ஸ்டிக் சட்டி வேண்டாம், நிறம் தெரியாது, வெள்ளி நிறச் சட்டிதான் இதுக்குச் சரி. சீனி கரைஞ்ச பிறகு கரண்டி போட்டுக் கிண்டாதேங்கோ, பக்கத்தில ஒட்டின சீனிப் பளிங்கு உள்ள விழுந்தா முழுச் சட்டியும் திரும்பக் கட்டியாப் போகும். சட்டியைப் பிடிச்சு மெல்லச் சுழட்டினாக் காணும். நல்ல பிளேன் ரீ நிறம் வந்த உடனே இறக்குங்கோ. இறக்கின பிறகும் சூட்டில கறுத்துக்கொண்டுதான் போகும், அதால அடுப்பில வைச்சே கடைசி நிறத்துக்குக் காத்திருந்தா கசக்கும். உடனே அச்சில ஊத்திச் சுழட்டி அடியில பரப்புங்கோ. பிள்ளையளை அந்த நேரம் குசினிக்குள்ள விடாதேங்கோ, கொதிதண்ணியை விட எவ்வளவோ கூடின சூடு, தோலில ஒட்டினாக் கழராது.

பால் கலவைக்கு ஒரு ரின்பால் (சீனி போட்ட கட்டிப்பால்), அதே ரின்னால ஒண்டரை ரின் பால் (பால்மா கரைச்சாலும் சரி), அஞ்சு முட்டை, வனிலா ஒரு தேக்கரண்டி. பீட்டர் எடுக்காதேங்கோ! முள்ளுக்கரண்டியால முட்டையை மெல்ல உடைச்சுக் கலந்தாப் போதும். நுரை வந்தா அந்த நுரைதான் பிறகு புடிங்குக்குள்ள பொத்தலா நிக்கும். வடிதட்டில வடிச்சு, ஒரு கால் மணித்தியாலம் சும்மா விட்டு, மேல வாற குமிழியைக் கரண்டியால எடுத்துப்போட்டு அச்சில ஊத்துங்கோ.

இனி அவிக்கிறது. எல்லாரும் சறுக்கிற இடம் இது, எனக்கும் இது பிடிபடக் கனகாலம் எடுத்தது, ஏன் எண்டா எந்தக் குறிப்பிலயும் "40 நிமிஷம் அவிக்கவும்" எண்டுதான் இருக்கும், தண்ணி எப்பிடி இருக்கவேணும் எண்டு ஒருத்தரும் எழுத மாட்டினம். பாலோட கலந்த முட்டை 80, 85 பாகை மட்டிலயே இறுகிவிடும். தண்ணி தளதளவெண்டு கொதிச்சா புடிங் 100 பாகைக்குக் கிட்டப் போகும், முட்டை கூட இறுகித் தன்ர தண்ணியை வெளிய விடும், உள்ளுக்குள்ள ஆவி கிளம்பி ஓட்டை ஓட்டையா வரும். வாயில வைச்சா அவிச்ச முட்டை மணம். ஆகவே தண்ணி கொதிச்ச பிறகு சின்ன அடுப்புக்கு மாத்தி, நெருப்பை ஆகக் குறைச்சு, தண்ணி லேசா நடுங்கிற அளவில வைச்சிருங்கோ. அச்சின்ர வாயை அலுமினியத் தாளால இறுக்கி மூடவேணும், சட்டி மூடியைத் துவாயால சுத்திக் கட்டுங்கோ (நுனியை மேல முடிஞ்சு விடுங்கோ, நெருப்பில தொங்கக் கூடாது). இல்லாட்டி மூடியில சேர்ந்த ஆவித்தண்ணி சொட்டி புடிங்கின்ர மேலெல்லாம் அம்மைத் தழும்பு வரும்.

35 நிமிஷத்தில ஒருக்காத் திறந்து பாருங்கோ. ஓரம் இறுகி நடு மட்டும் கொஞ்சம் ஆடினா அடுப்பை நிப்பாட்டலாம், ஆற ஆற மிச்சம் தானா இறுகும். நடுவும் கல்லு மாதிரி நிண்டா அது ஏற்கனவே கூடிப்போச்சு.

எதில அவிக்கிறது எண்டு கேட்டா, பழைய அலுமினிய இடியப்பச் சட்டிதான் என்ர தெரிவு. அகலம், தண்ணி கனக்கப் பிடிக்கும், சூடு ஒரே சீரா நிக்கும். பிரஷர் குக்கரில விசில் போட்டு அவிக்கிற வேலையே வேண்டாம், விசில் வாற நேரம் உள்ளுக்குள்ள 120 பாகை மட்டில போகும், மேல சொன்னதுக்கு நேர் எதிர். குக்கர்தான் இருக்கு எண்டா விசிலைக் கழட்டிப்போட்டுச் சும்மா சட்டியாப் பாவியுங்கோ. சிலிக்கன் அச்சு பார்க்க வடிவு, தூக்கேக்க வளைஞ்சு புடிங் வெடிக்கும். எனக்கு விருப்பமில்லை.

ஆறினதும் பிரிட்ஜில ஒரு ராத்திரி முழுக்க விடுங்கோ. இது ஆறுறதுக்கு மட்டும் இல்லை. அடியில கண்ணாடி மாதிரி இறுகின கரமல், புடிங்கில இருக்கிற ஈரத்தை இழுத்து மெல்ல மெல்லப் பாணியாக் கரையிறதுக்கு அந்த நேரம் வேணும். அவசரப்பட்டு அண்டைக்கே கவிழ்த்தா கரமல் அச்சிலயே ஒட்டிக்கொண்டு நிக்கும். கவிழ்க்கேக்க கத்தியை ஓரத்தால சுத்திப்போட்டு, அச்சின்ர அடியைச் சுடுதண்ணியில கொஞ்ச நேரம் பிடியுங்கோ. தட்டையான தட்டு வேண்டாம், குழி உள்ளது எடுங்கோ, பாணி மேசை விரிப்பில ஓடும்.

வட்டிலப்பம்

மலாய்க்காரரோட இங்க வந்தது எண்டு சொல்லுவினம், இப்ப பெருநாளுக்கும் நத்தாருக்கும் ஒரே மாதிரிச் செய்யினம். அரைக் கிலோ கித்துள் கருப்பட்டி, 10 முட்டை, முதல் தேங்காய்ப்பால் ரெண்டு கோப்பை, ஏலக்காய், துளி சாதிக்காய், ஒரு சிட்டிகை உப்பு. கருப்பட்டியைச் சீவிப் பாலில மெல்லிய சூட்டில கரைச்சு, நல்லா ஆறவிட்டு, பிறகுதான் முட்டை. சூட்டோட ஊத்தினா முட்டைப் பொரியல்தான் மிஞ்சும். கட்டாயம் வடியுங்கோ, கருப்பட்டியில மண்ணும் தும்பும் இருக்கும். மேல கஜு தூவி, பெரிய பாத்திரம் எண்டா ஒரு மணித்தியாலம் மட்டில அவிக்கவேணும்.

கரமல் புடிங்குக்குச் சொன்ன அவ்வளவும் இதுக்கும் பொருந்தும், ஓட்டைக் கதையைத் தவிர. வட்டிலப்பத்தில ஓட்டை இருந்து அதுக்குள்ள பாணி ஊறி நிக்கவேணும் எண்டு அடிச்சுச் சொல்லுற ஆக்கள் இருக்கினம், எங்கட பெரியம்மாவும் அந்தக் கட்சி. அப்பிடி விரும்பினா நெருப்பைக் கொஞ்சம் கூட்டுங்கோ, முட்டையைக் கொஞ்சம் அடியுங்கோ. எனக்கு வழுவழுப்பாத்தான் பிடிக்கும், பெரியம்மா வாற வருஷத்தில மட்டும் ஒரு சின்னக் கிண்ணம் ஓட்டையோட.

பிஸ்கட் புடிங்

சுகமானது. 250 கிராம் பட்டர், அதே அளவு ஐசிங் சீனி, நாலு மேசைக்கரண்டி கொக்கோ, மாரி பிஸ்கட் ரெண்டு பக்கற், வெட்டின கஜு. பட்டர் இளகி இருக்கவேணும், உருகக் கூடாது, கொழும்புச் சூட்டில ஜன்னல் பக்கத்தில வைச்சா அரை மணித்தியாலத்தில எண்ணெயாப் போகும், பிறகு எவ்வளவு அடிச்சாலும் சேராது. பிஸ்கட்டை ஆறின பாலில தோய்ச்ச உடனே எடுங்கோ, சுடுபால் எண்டா கையிலயே உடையும். ஒரு அடுக்கு பிஸ்கட், ஒரு அடுக்கு கலவை. சில பழைய குறிப்பில பச்சை முட்டை போடச் சொல்லியிருக்கும், வயசான ஆக்களும் பிள்ளையளும் சாப்பிடுற மேசையில அது தேவையில்லை, இல்லாமலே நல்லா வரும்.

"உண்மையான" கிறிஸ்மஸ் புடிங் எங்க எண்டு கேட்கிற ஆக்களுக்கு: இங்கிலாந்தில திருவருகைக் காலம் தொடங்கிறதுக்கு முந்தின ஞாயிறு கலக்கி, மாட்டுக் கொழுப்பும் பாண் தூளும் உலர்ந்த பழமும் போட்டு ஆறு, எட்டு மணித்தியாலம் அவிக்கிறது அது. கொழுப்புக்குப் பதிலா பட்டர் போட்டு இங்க செய்யிற குடும்பங்கள் இருக்கு. எங்களிட்ட ஏற்கனவே ரிச் கேக் இருக்கு, கிட்டத்தட்ட அதே பழம், அதே பிரண்டி, பிறகேன் அவ்வளவு காஸை எரிக்கிறது?

பிறகு சேர்த்தது

கித்துளுக்குப் பதிலா பனங்கட்டி போடலாமோ எண்டு கனபேர் கேட்டிருக்கினம். போடலாம், யாழ்ப்பாணத்தில இருந்து வந்த நல்ல பனங்கட்டி கிடைச்சா விடாதேங்கோ. ருசி வேற, நிறமும் கொஞ்சம் வெளிறும், வடிக்கிறதை மட்டும் துணியால வடியுங்கோ. வடிச்ச பிறகு ருசி பார்த்து உப்புப் போடுங்கோ.

முட்டை சாப்பிடாத விருந்தாளி இருந்தா ஜெலட்டின் பக்கம் போகாதேங்கோ, அது மிருகத்தில இருந்து எடுக்கிறது, மரக்கறி ஆக்களுக்கும் சரிவராது, முஸ்லிம் கூட்டாளிமாரும் ஹலால் எண்டு தெரியாமல் தொடமாட்டினம். கடல்பாசி வாங்கி ரின்பாலோட காய்ச்சுங்கோ. அது வெளியில வைச்சே இறுகும், எங்கட வெக்கையிலயும் உருகாது, பிரிட்ஜில இடமும் மிச்சம்.

இன்னொரு ஆள் கரமல் புடிங்கை ஓட்டோவில மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோகேக்க உடைஞ்சுபோச்சு எண்டு எழுதியிருந்தா. கவிழ்க்காமல் அச்சோடயே கொண்டுபோங்கோ, அங்க போய்க் கவிழ்க்கலாம். அலுமினியத் தாள் அப்பிடியே இருக்கட்டும், அச்சை ஐஸ் கட்டியோட ஒரு சின்னச் சட்டிக்குள்ள இறக்கி, காலுக்குக் கீழ வைக்காமல் மடியில வைச்சிருங்கோ.

கரண்ட் போனா பிரிட்ஜைத் திறக்காதேங்கோ, மூடியிருந்தா நாலு மணித்தியாலம் மட்டில தாங்கும். மேசையில ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல கிடந்த முட்டைப் புடிங்கைத் திரும்ப உள்ள வைக்கிறதும் இல்லை. சின்னச் சின்னத் துண்டா வெட்டி, தேவைக்கு எடுத்து வையுங்கோ.

மிச்சம் வைச்ச வெள்ளைக்கருவுக்கு என்ன செய்யிறது எண்டும் கேட்டிருக்கினம். முதல் நாள் ராத்திரியே பிரீசரில இருந்து பிரிட்ஜின்ர கீழ்த்தட்டுக்கு மாத்தி இளகவிட்டு, 26ஆம் திகதி காலமை வெங்காயம், பச்சை மிளகாய் வெட்டிப்போட்டுப் பொரியுங்கோ, மிச்சப் பாணுக்கு நல்லாப் போகும்.