நோயியலில் ஆராய்ச்சிப் பட்டம்: துறையைத் தேர்வது முதல் ஆய்வேடு வரை

மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறையில் இரண்டு வகை மாணவர்களைக் காணலாம். ஒரு வகையினர் மருத்துவப் பட்டம் பெற்றபின், திசுவைப் பார்த்து நோயை அறுதியிடும் நிபுணத்துவப் பயிற்சியில் இருப்பவர்கள். மற்றொரு வகையினர் உயிரியல், உயிர்வேதியியல், கால்நடை மருத்துவம் போன்ற படிப்புகளை முடித்துவிட்டு, நோய் எவ்வாறு உருவாகிறது என்பதை ஆராய்ந்து முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ பெற வந்தவர்கள். இக்கட்டுரை இரண்டாம் வகையினருக்காக எழுதப்பட்டது. நோயியலில் முனைவர் பட்டம் பெற்றதனால் மட்டும் நோயாளியின் திசுப் பரிசோதனை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை கிடைத்துவிடாது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நோயறிதலில்தான் விருப்பம் என்றால் அதற்குரிய வழி மருத்துவப் படிப்பே.

புற்றுநோயையோ அழற்சியையோ மரபியல் துறையிலும் உயிர்வேதியியல் துறையிலும் இருந்துகொண்டே ஆராயலாம். பிறகு நோயியல் துறைக்கு எதற்காக வர வேண்டும்? திசுவுக்கு அருகில் இருப்பதற்காக என்பதே என் பதில். நோயின் இருப்பிடம் உயிரணு என்ற கருத்தை ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்கோ 1858-இல் பெர்லினில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் நிலைநிறுத்தினார். இன்று கேள்விகள் மூலக்கூறு அளவுக்கு இறங்கிவிட்டாலும், நோயுற்ற திசுவைப் பல பத்தாண்டுகளாகப் பாரஃபின் மெழுகுக் கட்டிகளில் சேமித்து வைத்திருப்பது இத்துறைதான். ஆகவே ஒரு துறையை எடைபோடும்போது கருவிகளின் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். அந்தச் சேமிப்பு ஆராய்ச்சி மாணவருக்குத் திறந்திருக்கிறதா, அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறும் வழி ஒழுங்காக இருக்கிறதா, இருவர் சேர்ந்து பார்க்கும் நுண்ணோக்கியின் எதிர்ப்பக்கத்தில் உங்களுடன் அமர நேரம் ஒதுக்கும் நோயியல் மருத்துவர் ஒருவராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் நான் அந்தத் துறையைத் தவிர்த்துவிடுவேன்.

அடுத்தது நெறியாளர். தலைப்பைப் பார்த்து நெறியாளரைத் தேர்வதைவிட நெறியாளரைப் பார்த்துத் தலைப்பை ஏற்பது மேல். ஏனெனில் தலைப்பு இரண்டாம் ஆண்டிலேயே மாறக்கூடும், நெறியாளரை மாற்றுவது அத்தனை எளிதன்று. அவருடைய கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளில் முதல் ஆசிரியராக மாணவர்களின் பெயர் வருகிறதா, முன்னாள் மாணவர்கள் பட்டம் பெற எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பவற்றைத் தேடிப் பாருங்கள். இப்போதைய மாணவர்களிடம் நெறியாளர் உடனில்லாத வேளையில் பேசுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதல் ஆண்டில் சில ஆய்வகங்களில் சுழற்சி முறையில் பணியாற்றிய பிறகே நெறியாளரைத் தேர்வார்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் குறிப்பிட்ட ஆய்வகத்தின் இடத்துக்கே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். எங்கு விண்ணப்பித்தாலும், இளமை முதலே மருத்துவ ஆராய்ச்சியில் ஆர்வம் கொண்டிருந்தேன் என்று கடிதத்தைத் தொடங்காதீர்கள். அந்த ஆய்வகத்தின் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் விடை கிடைக்காமல் நிற்கும் ஒரு கேள்வியை நான்கு வரியில் எழுதினால் அதுவே உங்களை அறிமுகப்படுத்தும்.

முன்தயாரிப்பில் உயிரணு உயிரியல், நோய் எதிர்ப்பியல், புள்ளியியல் ஆகியவை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலரிடம் இல்லாதது இயல்பான திசுவைப் பற்றிய அறிவு. ஆரோக்கியமான கல்லீரலை நூறு முறை பார்த்திராதவருக்கு நோயுற்ற கல்லீரலில் எது பிசகியிருக்கிறது என்று புலப்படாது. பல பல்கலைக்கழகங்கள், மெல்லிய திசு வெட்டு ஒட்டிய கண்ணாடித் தகடுகளான சிலைடுகளை மின்வருடியில் படமாக்கி இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. நாளுக்கு இருபது நிமிடம் அவற்றைப் பார்த்து, பார்த்ததைப் பென்சிலால் வரையுங்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை. வரையும்போதுதான், பார்த்துவிட்டதாக நினைத்த பலவற்றை உண்மையில் பார்க்கவில்லை என்பது தெரியவரும்.

சேர்ந்த பின் முதல் ஆண்டில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, சிலைடு உங்கள் மேசைக்கு வருமுன் திசுவுக்கு என்னவெல்லாம் நேர்ந்தது என்பதை நேரில் போய்ப் பார்ப்பது. திசு உடலிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட கணத்திலிருந்தே சிதையத் தொடங்குகிறது. அதை நிறுத்தவே, ஃபார்மால்டிஹைடு நீரில் கரைந்த திரவமான பார்மலினில் இடுகிறோம். பத்து சதவீத பார்மலின் என்பதில் ஃபார்மால்டிஹைடு ஏறத்தாழ நான்கு சதவீதமே என்பது புதியவர்கள் அடிக்கடி குழம்பும் இடம். திரவத்தின் அளவு திசுவைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். அது திசுவுக்குள் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் மெல்லவே ஊடுருவுகிறது. எனவே ஒரு பெரிய உறுப்பை அறுக்காமல் முழுதாகப் போட்டுவைத்தால் வெளிப்பகுதி கெட்டிப்பட்டிருக்க, நடுப்பகுதி அழுகிப்போயிருக்கும். மேலும் ஃபார்மால்டிஹைடு புரதங்களைக் குறுக்காகப் பிணைத்துவிடுவதால், குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காட்ட நாம் இடும் எதிர்ப்பொருள் சென்று ஒட்ட வேண்டிய இடம் மறைந்துவிடலாம். சிலைடைச் சூடாக்கி அந்த இடத்தை மீண்டும் வெளிக்கொணர்வது இதனால்தான். ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். ஆகையால் வடிவத்தைப் பார்ப்பதற்கு ஒரு பகுதி பார்மலினிலும், ஆர்.என்.ஏ. எடுப்பதற்கு ஒரு பகுதி உறைநிலையிலும் என்று, திசு கைக்கு வருமுன்பே பங்கு பிரித்துத் திட்டமிட்டுவிட வேண்டும்.

மெழுகுக் கட்டியை மிக மெல்லியதாகச் சீவும் கருவியான மைக்ரோடோமில் வெட்டப் பழகுங்கள், வெட்டித்தர வேறொருவர் இருந்தாலும். பனிக்கட்டிமேல் குளிர்ந்த மெழுகுக் கட்டியைப் பொருத்திச் சக்கரத்தைச் சுற்றினால் நான்கு மைக்ரான் தடிமனில், ஒரு சிவப்பணுவின் விட்டத்தைவிட மெல்லியதாக, வெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக இறங்கும். அதைத் தூரிகை முனையால் ஏந்தி வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிடும்போது சுருக்கங்கள் விரியும். நீர் சற்றே சூடு கூடினாலும் மெழுகு உருகித் திசு பிய்ந்து பரவும். கத்தியின் விளிம்பில் ஒரு சிறு பள்ளம் விழுந்திருந்தால் நாடா முழுவதும் ஒரே இடத்தில் கீறல் விழுந்துகொண்டே வரும். இதைக் கையால் உணர்ந்தவர், நுண்ணோக்கியில் தெரியும் கோடு ஒன்றை நாரிழை என்று எழுதிவைக்க மாட்டார்.

இதைச் சொல்லும் தகுதி எனக்குத் தவறு செய்து கிடைத்தது. ஒரு புரதத்தைப் பழுப்பு நிறத்தில் காட்டும் சாயமேற்றலில், புற்றுநோய்க் கட்டியின் விளிம்பில் மட்டும் நிறம் அடர்ந்திருப்பதைக் கண்டு, அப்புரதம் பரவும் முனையில் குவிகிறது என்று மூன்று வாரம் மகிழ்ந்திருந்தேன். மூத்த தொழில்நுட்பர் ஒருவர் சிலைடைப் பார்த்துவிட்டு, “இது கட்டியின் ஓரமா, கத்தியின் ஓரமா?” என்று கேட்டார். அறுத்துச் சீராக்கிய நேர்க்கோட்டுப் பக்கத்திலும் அதே பழுப்பு ஓடிக்கொண்டிருந்தது. சாயமேற்றும்போது ஓரங்கள் உலர்ந்துபோனதன் விளைவு அது. புரதத்தில் ஒட்டும் முதன்மை எதிர்ப்பொருளை இடாமல், ஒப்பிடுவதற்காக வைக்கும் கட்டுப்பாட்டுச் சிலைடு என்னிடம் இருக்கத்தான் செய்தது. நான் அதன் நடுப்பகுதியை மட்டும் பார்த்திருந்தேன்.

எண்ணிக்கையிலும் இத்தகைய பொறிகள் உண்டு. ஒரே எலியின் திசுவில் பத்துக் காட்சிப்புலங்களை, அதாவது நுண்ணோக்கியில் ஒரே பார்வையில் தெரியும் பத்துப் பகுதிகளை, அளந்தால் கிடைப்பது பத்து மாதிரிகள் அன்று. ஓர் எலி, பத்து அளவீடுகள். சிலைடுகளுக்கு மதிப்பெண் இடுபவருக்கு எது எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது தெரியாதபடி எண்களை மாற்றி ஒட்டுங்கள். இருவர் தனித்தனியே மதிப்பெண் இட்டு, இருவருக்குமான ஒத்திசைவை, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் கணக்கிடும் கப்பா போன்ற புள்ளியியல் அளவால் சொல்லுங்கள். விலங்குகளைப் பயன்படுத்துவோர் 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் முன்வைத்த மூன்று கோட்பாடுகளை, அதாவது மாற்று வழி தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் ஆகியவற்றை, நெறிமுறைக் குழுவின் படிவத்தை நிரப்புவதற்காக மட்டுமின்றி ஆய்வை வடிவமைக்கும்போதே கருத வேண்டும்.

தகுதித் தேர்வில் ஆய்வுத் திட்டத்தை முன்வைக்கும்போது, கருதுகோள் தவறு என்பதை எந்த முடிவு காட்டும் என்று ஒரு பத்தியில் எழுதிச் செல்லுங்கள். தேர்வாளர்கள் பெரும்பாலும் அதைத்தான் துருவுவார்கள். மேற்பார்வைக் குழுவில் நோயறிதல் பணியில் இருக்கும் மருத்துவர் ஒருவரும் புள்ளியியல் அறிந்தவர் ஒருவரும் இடம்பெறும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வேட்டுக்கான படங்களைக் கடைசி ஆண்டில் தேடக் கூடாது. படம் எடுத்த அன்றே மெழுகுக் கட்டியின் எண், சாயம், எதிர்ப்பொருளின் தொகுதி எண், உருப்பெருக்கம், அளவுக்கோல் ஆகியவற்றைக் குறித்துவிட வேண்டும். நோயாளியின் அடையாளம் அந்தக் குறிப்பில் எங்கும் வரலாகாது. பட்டம் பெற்று ஆய்வகத்தை விட்டுப் போகுமுன், எந்த மெழுகுக் கட்டி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்ற பட்டியலை அடுத்த மாணவரிடம் ஒப்படைத்து, அவரையே பத்துக் கட்டிகளைத் தேடி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். உங்கள் உதவியின்றி அவர் பத்தையும் எடுத்துவிட்டால் நீங்கள் கிளம்பலாம்.