தௌக்கியானில் ஒரு விமானப்படைப் பையனைத் தேடிப் போகிறவர்களுக்கு

எங்கள் அப்பாயி பர்மாவில் பெகு பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வயலில் ஒரு விமானம் விழுந்ததையும், அதிலிருந்து தூக்கி வந்த பையனுக்கு மீசைகூட சரியாக முளைக்கவில்லை என்பதையும் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். பெயர் அவருக்குத் தெரியாது. அந்தப் பையன் யார் என்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் யாங்கோன் பக்கத்துத் தௌக்கியான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் தேடித் தேடி வழி பிடிபட்டுவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருந்தால் இதைப் படியுங்கள்.

முதலில் பெரியவர்களிடம் கேளுங்கள், இன்றைக்கே. எந்த வருஷம் என்று கேட்டால் பாவம், அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. நாற்று நட்டிருந்ததா, அறுப்பு முடிந்து தாள் கிடந்ததா, பொங்கலுக்கு முன்னா பின்னா, ஜப்பான்காரன் வருவதற்கு முன்பா, வந்த பிறகா என்று கேளுங்கள். இது ரொம்ப முக்கியம். ரங்கூனில் (இன்றைய யாங்கோன்) முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 மார்ச்சில். அந்த இடைவெளியில் விழுந்தது என்றால் ரங்கூன் பக்கத்து மிங்கலாடோன் விமானத்தளத்திலிருந்து கிளம்பிய சண்டை விமானமாக இருக்கலாம். அதற்குப் பிறகு என்றால் இந்தியாவிலிருந்து வந்த குண்டுவீச்சு விமானமாக இருக்க வாய்ப்பு அதிகம், லிபரேட்டர் என்ற பெரிய ரகம் என்றால் அதில் எட்டுப் பத்துப் பேர்கூட இருப்பார்கள். அந்த லிபரேட்டர்கள் குறிவைத்தவற்றில் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையின் பாலங்களும் உண்டு, மலாயாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் தமிழ்க் கூலிகள் ஆயிரக்கணக்கில் செத்த அதே பாதை. அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. ஒரு பையனின் பெயரைத் தேடும்போது இதுவும் நினைவில் வந்துகொண்டே இருக்கும், எனக்கு வருகிறது.

அடுத்து, நான் ஒரு முழு மதியத்தைத் தொலைத்த விஷயம். தௌக்கியானுக்குப் போனதும் கண்ணில் படுவது நடுவில் நிற்கும் ரங்கூன் நினைவகத்தின் தூண்கள்தான், கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். தூண் தூணாகப் போய்த் தேடாதீர்கள். அவை உடல் கிடைக்காத தரைப்படையினரின் பெயர்கள். பர்மா வானத்தில் போய்க் கல்லறையே இல்லாமல்போன விமானப்படையினரின் பெயர் சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவகத்தில் இருக்கிறது. உடல் கிடைத்து அடக்கமானவர்கள் மட்டும்தான் இங்கே புல்வெளியில் இருக்கிறார்கள்.

அதனால் கிளம்புவதற்கு முன்பே காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள், காசு இல்லை. பெயர் தெரியாவிட்டாலும் கல்லறைத் தோட்டம், விமானப்படை, தேதி மூன்றையும் போட்டால் பட்டியல் வரும். எந்த ஊரில் விழுந்தான் என்பதை வைத்து ஒருவரைத் தள்ளிவிடாதீர்கள், ஏனென்றால் அக்யாப், மாண்டலே, மெய்க்டிலா, சாமாவ் ஆகிய இடங்களிலிருந்த கல்லறைகளைப் பிற்பாடு இங்கே மாற்றினார்கள். ஒரே தேதியில் அடுத்தடுத்த கல்லறை எண்களில் பல பெயர் இருந்தால் அது ஒரே விமானத்தின் ஆட்களாக இருக்கலாம். அப்புறம், பைலட் ஆபீஸர் என்பது பதவிப் பெயர், அவன்தான் விமானத்தை ஓட்டினான் என்று அர்த்தமில்லை.

பெயர் கிடைத்துவிட்டால் வாழ்க்கையைத் தேடலாம். பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவுகளின் அன்றாடக் குறிப்பேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையில் இருக்கின்றன: யார் யார் ஏறினார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், திரும்பினார்களா என்று. ஆஸ்திரேலியப் பையன் என்றால் அந்த நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ705 கோப்புகளைப் பாருங்கள், பல இணையத்திலேயே இருக்கின்றன. மகனைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று பெற்றோர் எழுதிய கடிதங்களைப் படிக்கிறபோது மனதைக் கொஞ்சம் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

போகிற நாளில் காலையிலேயே கிளம்புங்கள். யாங்கோனிலிருந்து புரோம் (இப்போது பியே) சாலையில் வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர், விமான நிலையத்தையும் தாண்டி. வரிசை எண்ணை எழுதி எடுத்துப் போங்கள், கல்லறைகள் ஆறாயிரத்துக்கும் மேல். பெயர்ப் பலகை வெண்கலம், நம் வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும், தயவுசெய்து வேண்டாம். உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். அடியில் குடும்பத்தார் எழுதக் கொடுத்த ஒரு வரி இருந்தால் அப்படியே நகலெடுத்து, பக்கத்திலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து அவனைப் பற்றி அரைப்பக்கம் எழுதுங்கள். வயது, ஊர், அப்பா அம்மா பெயர், கூடப் போனவர்கள், கிளம்பிய நேரம். தெரியாததை இட்டுக்கட்டாதீர்கள், வீரத்தைப் பற்றி நாமாக எதுவும் சேர்க்கவும் வேண்டாம். உறவினர் யாராவது கிடைத்தால் முதலில் கல்லறைப் படத்தை மட்டும் அனுப்புங்கள், அவன் செத்த விதத்தை அவர்களாகக் கேட்டால்தான் சொல்ல வேண்டும். விமானம் விழுந்த இடம் தெரிந்தாலும் தோண்டிப் பார்க்காதீர்கள், வெடிக்காத குண்டு இன்னும் கிடக்கலாம்.

கல்லறையில் சூடமோ விளக்கோ ஏற்ற வேண்டாம், பெரும்பாலும் சிலுவைதான் பொறித்திருக்கும். பூ வைக்கலாம். கட்டிய மல்லிகை காய்ந்த பிறகு நூல் புல்லில் சிக்கிக் கிடக்கும், அதனால் நான் உதிரிப் பூதான் கொண்டு போகிறேன்.