பேப்பர் எழுத முதல் பெயரைக் கதையுங்கள்

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் கணினி விஞ்ஞானம் படித்துவிட்டு கம்பஸிலேயே தற்காலிக விரிவுரையாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ நிற்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். எங்கட ஆட்கள் கெட்டித்தனத்தில் பின்னுக்கு நிற்பதாக எனக்குத் தெரியவில்லை. வாய் திறக்க வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு மனம் நோகிறார்கள், அவ்வளவுதான்.

ஆகப் பெரிய தவறு, பேப்பரில், அதாவது ஆய்வுக் கட்டுரையில், அதை எழுதிய ஆசிரியர்களாக யார் யார் பெயர் வரும் என்ற விசயத்தைக் கடைசிவரை கதைக்காமல் விடுவது. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, ஒரு பெரும்போகம் முழுக்க இரணைமடுக் குளத்துக்குக் கீழே வரம்பு வரம்பாக நடந்து நெல் இலைகளைப் படம் எடுத்தாள். இரவில் கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து ஒவ்வொரு படத்துக்கும் நோயின் பெயரைக் குறித்தாள். இரண்டு நோய் ஒரே மாதிரித் தெரிந்தால் எப்படிப் பிரிப்பது என்று முடிவெடுத்ததும் அவள்தான். பேப்பர் வந்தபோது அவளின் பெயர் கடைசியில் நன்றி சொல்கிற பகுதியில் இருந்தது, அதுவும் எழுத்துப்பிழையோடு. கேட்டதற்கு, "நீர் டேட்டாதானே எடுத்தனீர்" என்றார்களாம்.

கணினித் துறையினரின் சர்வதேசச் சங்கமான ஏசிஎம் அமைப்பின் விதிப்படி, ஆய்வில் கணிசமான அறிவுப் பங்களிப்புச் செய்தவர்தான் ஆசிரியர். அந்தப் பிரிப்பு முறையை யோசித்தது அறிவு வேலை இல்லையென்றால் வேறென்ன? அப்புறம் வரிசை. பெரும்பாலான கணினிப் பிரிவுகளில் கூடுதலாக வேலை செய்தவர் முதலிலும் மேற்பார்வையாளர் கடைசியிலும் வருவார்கள். கோட்பாட்டுப் பிரிவில் மட்டும் அகரவரிசை வழக்கம். இதை முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சமென்றால் முதல் கூட்டம் முடிந்த அன்றே ஒரு மெயில் போடுங்கள்: "சேர், இன்று கதைத்தபடி இந்த வேலைகளை நான் செய்கிறேன், ஆசிரியர் வரிசை இப்படி என்று விளங்கிக்கொண்டேன், சரிதானே?" இதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை.

அடுத்தது, ஒரு நிராகரிப்போடு பேப்பரைப் பெட்டியில் போட்டு மூடுவது. 2014இல் நியூரிப்ஸ் என்ற இயந்திரக் கற்றல் மாநாட்டில், அப்போது அதற்கு நிப்ஸ் என்று பெயர், பத்திலொரு பங்கு கட்டுரைகளை இரண்டு மதிப்பீட்டுக் குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழு ஏற்றதில் பாதிக்கு மேல் மற்றக் குழு தள்ளிவிட்டது. அதனால் ஒரு நிராகரிப்பு முடிந்த முடிவு இல்லை; மதிப்பீட்டாளர்களின் கருத்துகளைப் படித்து, ஞாயமானதைத் திருத்தி, அடுத்த மாநாட்டுக்கு அனுப்புங்கள்.

மதிப்பிடுகிறவருக்குத் தெரியாமல் எழுதியவர் பெயரை மறைத்து அனுப்பச் சொல்கிற இடத்தில் தன்னையே காட்டிக்கொடுப்பது இன்னொன்று. 2017இல் இணையத் தேடல் பற்றிய டபிள்யூஎஸ்டிஎம் மாநாட்டில் ஒரே கட்டுரையைப் பெயர் தெரிந்த இருவரும் தெரியாத இருவரும் மதிப்பிட்டார்கள். பெயர் தெரிந்தவர்கள் பிரபலமான ஆட்களுக்கும் பெரிய பல்கலைக்கழகங்களுக்கும் பக்கம் சாய்ந்தது தெரியவந்தது. வவுனியாக் கம்பஸ் இருக்கிற பம்பைமடுவிலிருந்து எழுதுகிற எங்களுக்கு அந்தத் திரை லாபம். ஆனால் நிரலைப் போட்டுவைக்கிற கிட்ஹப் தளத்தின் லிங்கில் சொந்தப் பெயரை விட்டுவிட்டு அனுப்பினால் திரை எதற்கு?

"ஒரு கிழமையில் ஏற்றுக்கொள்வோம், காசை அனுப்புங்கள்" என்று வருகிற சஞ்சிகை மெயில்களைப் பற்றி என்ன சொல்ல? அழித்துவிடுங்கள்.

பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும்போது மாநாட்டுக் கட்டுரையை வெறும் தலைப்போடு விடுவதும் பிழை. மேசைக்கு அந்தப்பக்கம் தாவரவியல்காரர் இருக்கலாம்; அவருக்குச் சஞ்சிகைதான் பெரிது. எங்கள் துறையில் நல்ல மாநாடுகளுக்குச் சஞ்சிகைக்குச் சமமான மதிப்பு உண்டென்று 1999இலேயே அமெரிக்காவின் கம்ப்யூட்டிங் ரிசேர்ச் அசோசியேஷன் எழுதிவைத்திருக்கிறது. அந்தக் குறிப்பையும், வந்த கட்டுரைகளில் எத்தனை வீதத்தை ஏற்றார்கள் என்று மாநாடு அறிவித்த கணக்கையும் விண்ணப்பத்தோடு சேர்த்துக் குத்திவிடுங்கள். கூடவே லாப் பராமரித்தது, இணையத்தளம் செய்தது, பரீட்சை மேற்பார்வை என்று உங்கள் தலையில் விழுந்த வேலைகளையும் திகதியோடு எழுதுங்கள். பெண் பிள்ளைகளிடம்தான் இவை கூடுதலாகப் போய்ச் சேர்கின்றன, நான் பார்த்தவரையில்.

அந்த நெல் இலைப் பிள்ளை அடுத்த பேப்பருக்கு முதல் நாளே மெயில் போட்டாள். "ஓம், சரி" என்று இரண்டு சொல்லில் பதில் வந்தது. அதை அவள் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறாள்.