செயலமர்வுக்கு அனுப்பினால் மட்டும் போதுமா? அதிபர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலயக் கல்விப் பணிமனையிலிருந்து செயலமர்வுக் கடிதம் வந்தால் பல அதிபர்கள் முதலில் பார்ப்பது நேரசூசியைத்தான். யார் போனால் வகுப்புகள் குழம்பாது என்று பார்த்து அனுப்பும்போது, விஞ்ஞானச் செயலமர்வுக்குச் சித்திர ஆசிரியர் போய்வருவதும் நடக்கிறது. மலையகத் தோட்டப் பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் கிடைப்பதே கஷ்டம். அதிபரின் நெருக்கடி விளங்குகிறது. ஆனாலும் அந்தப் பாடம் படிப்பிப்பவரை அனுப்பாவிட்டால் அந்த நாளே வீண்.

இதைவிடப் பெரிய தவறு, போய்வந்த பிறகு ஒன்றும் கேட்காமல் விடுவது. விடியுமுன் பஸ் பிடித்து ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போன ஆசிரியை மறுநாள் வரவுப் பதிவில் கையொப்பமிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறார். கையேடு அலுமாரிக்குள் போகிறது. புதிய முறையை முதல் தடவை வகுப்பில் செய்யும்போது அது பெரும்பாலும் சொதப்பும். பிள்ளைகள் சத்தம் போடுவார்கள், பாடத்திட்டம் பின்தங்கும், பக்கத்து வகுப்பிலிருந்து முறைப்பாடு வரும். அப்போது துணைக்கு யாரும் இல்லையென்றால் அவர் பழையபடி கரும்பலகையில் எழுதிக் கொப்பியில் பார்த்தெழுத வைக்கும் முறைக்கே திரும்பிவிடுவார். குறை அவருடையதல்ல. 2018இல் கல்வி ஆய்வாளர் மெத்யூ கிராஃப்ட் குழுவினர் ஆசிரியர் பயிற்றுவிப்பு பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வகுப்பறைக்கே வந்து, பார்த்து, பேசி உதவும் பயிற்றுவிப்பு கற்பித்தலைத் தெளிவாக மேம்படுத்துகிறது என்பது அதில் தெரிந்தது. அதிபர் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. இரண்டு வாரத்துக்குள் ஒரு பாடவேளை அந்த வகுப்பில் உட்காருங்கள். அப்புறம் பதினைந்து நிமிடம் பேசுங்கள். அந்தப் பாடத்தில் அனுபவமுள்ள இன்னொரு ஆசிரியருக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வுப் பாடவேளை கிடைக்கும்படி நேரசூசியை மாற்றிக் கொடுங்கள்.

அப்படி உட்காரும்போது மேற்பார்வைக் குறிப்பு எழுதும் லொக் புத்தகத்தோடு போகாதீர்கள். குறை எழுத வந்திருக்கிறார் என்று தெரிந்தால் எந்த ஆசிரியரும் ஏற்கெனவே நன்றாகப் பழகிய பாடத்தைத்தான் நடத்திக் காட்டுவார். உதவி தேவைப்படும் பாடம் உங்கள் கண்ணில் படவே படாது.

ஆசிரியர்களின் தொழில் திறனை வளர்க்கும் பாடசாலை மட்ட வாண்மை விருத்தி நிகழ்ச்சியை விளக்கேற்றித் தொடக்கிவைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போய்விடும் அதிபர்களும் இருக்கிறார்கள். 2008இல் கல்வி ஆய்வாளர் விவியன் ரொபின்சன் குழுவினர் பாடசாலைத் தலைமைத்துவத்தின் ஐந்து கூறுகளை ஒப்பிட்டபோது, மாணவர் அடைவில் மிகக் கூடிய தாக்கம் காட்டியது, ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவிப்பதோடு அதில் தானும் கலந்துகொள்வதுதான். எனவே கடைசிவரை இருங்கள், தெரியாததைக் கேளுங்கள்.

பஸ் காசையும் சனிக்கிழமையையும் ஆசிரியர் தலையில் கட்டிவிட்டு ஆர்வத்தை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. கொட்டகலை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களில் இரண்டு வருடம் படித்தவர்கள் மூன்றாம் வருடம் உள்ளகப் பயிற்சிக்காகப் பாடசாலைகளுக்கு வருகிறார்கள். பல இடங்களில் அவர்களை வெற்றிடம் நிரப்ப வந்தவர்களாக நினைத்து, வந்த கிழமையே முழு நேரசூசியையும் கொடுத்து, தனியாக ஒரு வகுப்பில் விட்டுவிடுகிறார்கள். ஆளில்லாத பாடசாலையில் அந்த ஆசை வரும்தான். ஆனால் அது அவர்கள் பழகும் வருடம். பாடவேளைகளைக் குறைத்து, ஒரு மூத்த ஆசிரியரோடு சேர்த்துவிடுங்கள். கிழமைக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டு வகுப்பு எப்படிப் போகிறது என்று கேளுங்கள்.