பாட்காஸ்ட் தொடங்குமுன் குழப்பம் தீர்ந்த விதம்

எங்கள் நிறுவனத்தின் பாட்காஸ்ட் திட்டம் ஒரே கேள்வியில் முடங்கி நின்றது: யாருக்காகப் பேசுவது? கூட்டாளிகள் ஆளுக்கொரு நேயரை மனத்தில் வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர்கள் வாங்குவதற்கு முன் கேட்கும் சந்தேகங்களை மின்னஞ்சல்களிலிருந்து திரட்டினேன். வழி திறந்தது. ஒரு சந்தேகத்துக்கு ஒரு பகுதி. அந்தச் சந்தேகத்தை எழுப்பியவரே நம் நேயர். யாரை விருந்தினராக அழைப்பது என்பதும் அதிலிருந்தே தெளிவானது. பிரபலங்களைத் தேடி அலைவதைவிட இது எவ்வளவோ மேல் என்று உறுதியாக நம்புகிறேன்.

சில பகுதிகளைப் பதிவுசெய்து கையிருப்பில் வைத்த பிறகே வெளியீட்டு நாளைக் குறித்தோம். வேலை நெருக்கிய வாரங்களிலும் தொடர் அறுபடவில்லை. ஒலி அளவு, ஆப்பிள் பரிந்துரைக்கும் மைனஸ் 16 எல்கேஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியின் உரப்பை அளக்கும் அலகு). முகப்புப் படம், 3000 பிக்சல் சதுரம். பதிவிறக்க எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், விசாரணைப் படிவத்தில் ‘பாட்காஸ்ட் கேட்டு வந்தேன்’ என்றொரு கட்டத்தையும் சேர்த்தோம்.