மூலை தேஞ்ச சைலன்சர் நட்டைக் கழட்டுறது எப்பிடி

சைலன்சர் பைப் எஞ்சின் ஹெட்டில வந்து பூட்டுற இடத்தில ரெண்டு நட் இருக்குமெல்லோ, எங்கட ரோட்டில ஓடுற சின்ன பைக்குகள் கனத்தில அது 10 சைஸ் நட், ஆக்களைக் கூடப் படுத்துறது உதுதான். ஒரு பக்கம் எஞ்சின் சூடு, ஒரு பக்கம் மழைத்தண்ணி, யாழ்ப்பாணத்தில கடலுக்குக் குறுக்கால போற பண்ணைப் பாலத்தாலயோ பொன்னாலைப் பாலத்தாலயோ தினம் போய் வாற பைக் எண்டால் உப்புக்காத்தும் சேர்ந்து துருப் பிடிச்சு நட் ஸ்டட்டோட, அதாவது ஹெட்டில இருந்து நீட்டிக்கொண்டு நிக்கிற மரைக் கம்பியோட, ஒட்டிப் போயிடும், பிறகு ஆரோ தேஞ்ச ஸ்பானரைப் போட்டு இழுக்க ஆறு மூலையும் உருண்டு போயிடும்.

இதில ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ. நட் போனால் போகட்டும், சில்லறைக் காசுச் சாமான். ஸ்டட் முறிஞ்சால்தான் கரைச்சல், அது அலுமினிய ஹெட்டுக்குள்ள இருக்கு, ஹெட்டில மரை கெட்டால் லேத்துக்குத்தான் போகோணும். அதால நட்டைக் காப்பாத்த நிக்காதையுங்கோ, ஸ்டட்டைக் காப்பாத்துங்கோ. தொண்ணூறுகளில யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள்ள பெற்றோலும் இல்லை, ஸ்பெயாரும் வராது, மண்ணெண்ணெயில வாகனம் ஓடின காலம், அந்த நேரம் வேலை பழகின ஐயாமார் இப்பவும் ஸ்டட்டில கை வைக்க முதல் ரெண்டு தரம் யோசிப்பினம்.

முதல் கம்பிப் பிரஷ்ஷால ஸ்டட்டின்ர வெளிய நிக்கிற மரையை நல்லாத் தேய்ச்சு துருவை எடுங்கோ, கனபேர் இதைச் செய்யாமல் விட்டுட்டு நட்டோட மல்லுக்கட்டுவினம். பிறகு டபிள்யூடி 40 மாதிரி ஸ்பிரே இருந்தால் அடிச்சு இரவு முழுக்க விடுங்கோ, இல்லாட்டி டீசலோ மண்ணெண்ணெயோ விட்டாலும் ஊறும், என்ன நேரம் கூட எடுக்கும். இடைக்கிடை சின்னச் சுத்தியலால நட்டின்ர பக்கத்தில மெல்லமாத் தட்டுங்கோ, அந்த அதிர்ச்சியிலதான் எண்ணெய் உள்ளுக்கு இறங்கும்.

பிடிக்க என்ன போடுறது? 12 மூலை ரிங் ஸ்பானரை மறந்திடுங்கோ, அது மிச்ச மூலையையும் தின்னும். 6 மூலைச் சொக்கெட், அதுவும் அங்குலக் கணக்கில 3/8 போடுங்கோ, அது ஏறக்குறைய 9.5 மில்லிமீற்றர், தேஞ்ச 10 நட்டில தட்டி ஏத்தினால் இறுகிப் பிடிக்கும். ஸ்டட் நீட்டிக்கொண்டு நிண்டால் நீளச் சொக்கெட் வேணும். தட்டேக்க ஓங்கி அடிக்காதையுங்கோ, அடி நேர ஹெட்டுக்குத்தான் போகும். ஏறிட்டுதெண்டால் உடன கழட்டுற பக்கம் இழுக்காமல் முதல் துளி இறுக்கிற பக்கம் அசைச்சுப் பாருங்கோ, துரு உடையிற சத்தம் கேட்டால் கழட்டுற பக்கம் கொஞ்சம், திரும்ப இறுக்கிற பக்கம் கொஞ்சம், இப்பிடி ஆட்டி ஆட்டித்தான் எடுக்கோணும். கைபிடியில நீளப் பைப்பைச் செருகி இழுக்கிற வேலை வேண்டாம், 6 மில்லிமீற்றர் ஸ்டட் கரும்பு மாதிரி முறியும். ரப்பர் பாண்ட், பஞ்சு வைக்கிற வேலையெல்லாம் வீடியோவில பாக்க நல்லா இருக்கும், துருப் பிடிச்ச நட்டுக்கு வேலை செய்யாது. வைஸ் கிரிப் எண்ட பூட்டிப் பிடிக்கிற குறடு எண்டால் இடம் இருந்தால் போடலாம், ஆனா வழுக்க வழுக்கத் திரும்பத் திரும்பப் போடாதையுங்கோ.

அப்பவும் அசையேல்லையோ, சூடு காட்டுங்கோ. பெற்றோல் டாங்கைக் கழட்டித் தூர வைச்சு, ஊத்தின எண்ணெயைத் துடைச்சுப்போட்டுத்தான் நெருப்பு. நெருப்பு நட்டில மட்டும் படோணும், சுத்த அலுமினியமே 660 பாகை செல்சியஸில உருகும், ஹெட்டின்ர கலவை அதுக்கும் முந்தி உருகும், அதுவும் இரும்பு மாதிரிச் சிவந்து காட்டாமல் திடீரெண்டு இறங்கும். நட் விரிஞ்ச சூட்டோடயே சொக்கெட்டைப் போட்டுத் திருப்புங்கோ. வெல்டிங் கடை கிட்ட இருந்தால் தேஞ்ச நட்டுக்கு மேல வேற நட் வைச்சு ஒட்டுவிக்கிறது இன்னும் நல்லம், பிடியும் கிடைக்கும் சூடும் ஏறும், பட்டரி வயரைக் கழட்டிப்போட்டுச் செய்யச் சொல்லுங்கோ.

கடைசி வழி நட்டை வெட்டுறது. ஸ்டட்டுக்குச் சமாந்தரமா நட்டின்ர ஒரு தட்டைப் பக்கத்தில இரும்பு வாள் பிளேட்டால அறுங்கோ, மரைக்குக் கிட்ட வரேக்க நிப்பாட்டி, வெட்டில சின்ன உளியை வைச்சு ஒரு தட்டு, நட் பிளந்து கழண்டிடும். கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதையுங்கோ.

பூட்டேக்க பழைய நட்டைத் திரும்பப் போட நினைக்காதையுங்கோ, பித்தளை நட் கிடைச்சால் அதுதான் திறம், ஸ்டட்டோட துருப் பிடிச்சு ஒட்டாது. மரையில கொஞ்சம் கொப்பர் கிறீஸ், புது காஸ்கெட், ரெண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்கோ, ஒண்டை முழுக்க இறுக்கிப்போட்டு மற்றதுக்குப் போனால் பைப் சரிஞ்சு புகை ஒழுகும். ஒருக்கா ஓடி எஞ்சின் ஆறினாப் பிறகு திரும்ப ஸ்பானர் வைச்சுப் பாருங்கோ, அனேகமாத் துளி இறுக்க வேண்டி வரும்.